சாட்சிக் கூண்டில் நிற்கும் பிள்ளைகள்

(கொல்லிமலை செம்மேட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு நீளமானது. பள்ளிகளில் போதை எதிர்ப்புக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் அரசு தரவேண்டிய ஆதரவு. கேட்டா கல்வித்துறை சுற்றறிக்கை மாதிரி இருக்கு. பரவாயில்லை, சுற்றறிக்கைகளையும் நாம வாசிக்கத்தான் வேணும். நம்மைப் பற்றின முடிவுகள் எல்லாம் சுற்றறிக்கையிலதான் வருது, கவிதையில வர்றதில்லை.

மொதல்லயே ஒண்ணச் சொல்லிடறேன். போதைப்பொருள் பற்றிப் பள்ளியில் பாடம் வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. 'குடி எங்கள் பண்பாடு' என்று சொல்லிக்கொண்டு இதை ஒதுக்கித் தள்ளுகிற அறிவுஜீவித்தனத்தோடு எனக்கு உடன்பாடும் இல்லை. அப்படிச் சொல்றவங்க வீட்டுப் பொம்பளைகள யாராவது ஒருதடவை கேட்டுப் பாருங்க. என் கேள்வி வேற. அந்தப் பாடம் வகுப்பறைக்குள் வரும்போது யாரைப் பார்த்து விரலை நீட்டுகிறது?

காகிதத்தில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில், பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்று நாடு முழுக்கக் கணக்கெடு, தேசியத் திட்டம் போடு, பாடத்திட்டத்தில் சேர் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு வெளியானது. 10 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், ஏறத்தாழ 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றது. மோந்து இழுக்கிற போதை இருக்கே, பங்க்சர் ஒட்டுற சொல்யூஷன் மாதிரி, அது ஒன்று மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம் என்றும் சொன்னது. 2020 ஆகஸ்ட் 15-இல் 'நஷா முக்த் பாரத்' இயக்கம் 272 மாவட்டங்களில் தொடங்கியது. அதே ஆண்டில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத்தூதர்களாக்கி, அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய 11 தலைப்புகளில் போதைத் தடுப்பையும் ஒன்றாக வைத்தார்கள். 2023-இல் 'நவசேத்னா' என்று ஆறாம் வகுப்பு முதல் பதினொன்று வரைக்கும் ஆசிரியர் பயிற்சி ஏடுகள் வந்தன. பத்து லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்பது இலக்கு. இங்கே தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்ட் 11-இல் முதலமைச்சரே உறுதிமொழி வாசிக்க, பள்ளி கல்லூரிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் கை நீட்டிச் சொன்னார்கள். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் அமைக்கப்பட்டன.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசில் போதைப்பழக்கத் தடுப்பை எந்த அமைச்சகம் பார்க்கிறது? சுகாதாரமா, கல்வியா? இல்லை. சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டிய அதே அமைச்சகம். இதை ரெண்டு விதமா வாசிக்கலாம். பட்டியல் சாதி, ஊனமுற்றோர், பிச்சை எடுப்போர், குடிகாரர் எல்லாரையும் ஒரே கோப்பில் போட்டுக் கட்டி வைத்திருக்கிற பார்வை என்று வாசிக்கலாம். அல்லது, போதை என்பது ஒழுக்கக் கேடு அல்ல, சமூக அநீதியோடு பின்னிக்கிடக்கிற ஒன்று என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றும் வாசிக்கலாம். நான் ரெண்டாவது மாதிரியே வாசிக்கிறேன். அவங்க அந்த அர்த்தத்துல வைக்கலேன்னாலும், நாம அப்படி வாசிச்சு அதைச் சொல்லியே கணக்குக் கேட்கலாம்.

இனி, காகிதம் மலை ஏறுகிற கதை.

பயிற்சி எப்படி இறங்கி வருகிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும். மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர், பிறகு ஆசிரியர். மேலே சில நாள் நடக்கிற பயிற்சி மாவட்டத்துக்கு வரும்போது ஒருநாளாகச் சுருங்கும். வட்டாரத்தில் அரைநாள். எழுபது வளைவு ஏறி முடிக்கும்போது அது ஒரு பிடிஎஃப் கோப்பாகி வாட்ஸ்அப்பில் வந்து விழும். புகைப்படம் எடுத்து அனுப்பு என்கிற கட்டளை மட்டும் சுருங்காமல் முழுசாக வந்து சேரும். ரெண்டே ஆசிரியர் இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளியில் ஒருவர் நாமக்கல்லுக்குப் பயிற்சிக்கு இறங்கினால் அன்றைக்குப் பாதிப் பள்ளி பூட்டியதற்குச் சமம். மாற்று ஆசிரியர் என்று ஒரு ஏற்பாட்டை எந்தத் திட்டத்திலும் நான் பார்க்கவில்லை. மாடியும் கம்ப்யூட்டரும் கட்டித் தர்ற அரசாங்கத்துக்கு, வாத்தியார் இல்லாத நாள்ல யார் வகுப்புல நிப்பாங்கன்னு யோசிக்க நேரமில்லை.

ஆகவே என்ன நடக்கிறது? காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி. ஜூன் 26 சர்வதேச நாளன்று பேரணி, ஒரு பதாகை, கோஷம். கூடவே ஒரு காவல்துறை அதிகாரி வந்து பேசுவார். சட்டம் என்ன சொல்கிறது, எத்தனை வருசம் உள்ளே போக வேண்டியிருக்கும், நுரையீரல் எப்படி அழுகும், படம் காட்டி.

காக்கி உடுத்தியவர் வகுப்பறைக்குள் வந்து பாடம் எடுப்பது மலைப்பிள்ளைக்கு என்னவாகத் தெரியும்? சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் இந்த மலையின் மக்களைப் போலவே மலையாளிப் பழங்குடிகள். 1992 ஜூன் 20-இல் சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் உள்ளே போய்ச் செய்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல்தான் 269 பேர் மீதான குற்றம் நிரூபணமானது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருசம். காக்கி என்றால் சோதனை, காக்கி என்றால் ஊறல் தேடி அடுக்களைக்குள் கோல் விட்டுக் கிளறுவது என்று பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதே காக்கி 'தம்பி, நல்ல பழக்கம் வேணும்' என்று சொன்னால் அது பாடமாக இறங்குமா, மிரட்டலாக இறங்குமா?

இது என்னுடைய மனத்தாங்கல் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டேர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். போலீஸ்காரர்கள் பள்ளிக்குப் போய்ப் போதை எதிர்ப்புப் பாடம் எடுப்பதுதான் திட்டம். நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆய்வு மேல் ஆய்வாகச் செய்து பார்த்தால், பாடம் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே இதை எழுதி வைத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் அலுவலகம் 2013-இல் வெளியிட்டு 2018-இல் புதுப்பித்த தடுப்புத் தரநெறிகளில் எவையெல்லாம் பலன் தராது, சிலசமயம் கெடுதலும் செய்யும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வெறும் சொற்பொழிவு. பயமுறுத்தல். ஒழுக்க போதனை மட்டும். திருந்திய குடிகாரரைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைப்பது. போலீஸைக் கொண்டு பாடம் நடத்துவது. நம்ம ஊர்ல நடக்கிற விழிப்புணர்வு முகாமோட நிகழ்ச்சி நிரலப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கு. எது பலன் தரும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் ஒருவர், வாரம் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வகுப்பு, பிள்ளைகளே பேசிச் செய்துபார்க்கிற மாதிரி, அடுத்தடுத்த ஆண்டும் தொடர வேண்டும். அதாவது ஆசிரியர் பள்ளியில் இருக்க வேண்டும். அடுத்த வருசமும் அவரே இருக்க வேண்டும். வேற வழியே இல்லை.

ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், போதை எதிர்ப்பு ஓவியப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு ஓவியமும் தெரியும் என்கிற பொதுப்புத்திக்கு நன்றி. நாற்பது படங்களுக்கு மேல். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் ஒரே ஆள். கைலி கட்டியவன், கறுப்பாக இருப்பவன், குடிசை வாசலில் விழுந்து கிடப்பவன். பக்கத்தில் அழுகிற மனைவி, கிழிந்த பாவாடையில் ஒரு பிள்ளை. பேன்ட் சட்டை போட்டு, பங்களா மாடியில் உட்கார்ந்து, பனிக்கட்டி போட்டுக் குடிப்பவன் ஒரு படத்திலும் இல்லை. வாரக் கடைசியில் பைக்கில் கும்பலாக ஏறி வந்து அருவிப் பாதை முழுக்கக் கண்ணாடிச் சில்லைப் போட்டுப் போகிறவன் இல்லை. பச்சைப் பலகை வைத்த அரசாங்கக் கடை ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்காமலா இருக்கிறார்கள்? தினம் பார்க்கிறார்கள். ஆனால் 'போதை' என்று சொன்னவுடன் எதை வரைய வேண்டும் என்பதைப் பள்ளி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. தன் அப்பனை வரையச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒரு பொண்ணு மட்டும் ஒண்ணுமே வரையல. தாள் மூலையில பேரை எழுதிட்டுச் சும்மா உக்காந்திருந்தா. அவளுக்கு வரையத் தெரியாமல் இல்லை என்று ஆசிரியை சொன்னார்.

இதைத்தான் நான் சாட்சிக் கூண்டு என்கிறேன். 'யார் யார் வீட்டுல அப்பா குடிப்பாரு, கை தூக்குங்க' என்று கேட்கிற வகுப்பு. கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, கணக்கெடுக்கிறேன் என்றுதான் நினைப்பார். கை தூக்கிய பிள்ளை அன்றிலிருந்து குடிகாரன் பிள்ளை. காலனிப் பிள்ளைக்கும் மலைப்பிள்ளைக்கும் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது, அதோடு இன்னொன்று. கடைக்குப் போய் ஹான்ஸோ கூல் லிப்போ வாங்கி வரச் சொல்லி அதே பிள்ளையை அனுப்புகிற ஆசிரியர் யாரும் கை தூக்க வேண்டியதில்லை. 2013-இலிருந்து இந்த மாநிலத்தில் குட்காவுக்குத் தடை என்று ஆணைமேல் ஆணை வருகிறது. பெட்டிக்கடைக்காரர் ஆணையைப் படிக்கிறதில்லை போலிருக்கு.

தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 93-ஆவது. அதை எடுத்து நமக்குப் பாடம் நடத்துவார்கள். அடுத்த பிரிவேளையிலேயே புறநானூறு. அதியமான் செத்தபின் அவ்வை பாடிய பாட்டில், அவனும் அவளும் கள் பகிர்ந்து குடித்ததை நினைத்து அழுவாள். அங்கே கள் என்றால் நட்பு, கொடை, பண்பாடு. கருணாபுரத்துக் கூலிக்காரன் குடித்தால் மட்டும் ஒழுக்கம் கெட்டுப்போகிறது. மன்னன் ஓரி ஆண்ட மலை என்று இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் ஓரி என்ன குடித்தான் என்று யோசிப்பதில்லை.

கருணாபுரம் என்றேன். அதைக் கொஞ்சம் பேச வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், கூலித் தொழிலாளிகள். அதே வாரத்தில்தான், நாங்குநேரிக்குப் பிறகு பள்ளிகளில் சாதியை ஒழிப்பது பற்றி நீதிநாயகம் சந்துரு குழு தன் அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. ரெண்டு செய்தியும் நாளிதழில் வேறு வேறு பக்கத்தில் வந்தன. யாரும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை. அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்ததும் 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு' என்று டீக்கடை முதல் முகநூல் வரை கேட்டார்கள். அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. நல்லது. அந்தப் பிள்ளைகள் ஏதோ ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வகுப்புக்குள் போதை எதிர்ப்புப் பாடம் வரும். ஆசிரியர் கரும்பலகையில் 'குடியின் தீமைகள்' என்று எழுதுவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி அவர் அடுத்த வரியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு எந்த ஏட்டில் பயிற்சி இருக்கிறது? அதுதான் ஆசிரியர் பயிற்சி. மற்றதெல்லாம் அச்சடிக்கிற செலவு.

வரலாற்றுக்கு வருகிறேன், சுருக்கமாகத்தான். போதை எதிர்ப்புக் கல்வி இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்து 1929-இல் ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியர். விமோசனம். விடுதலை! நம் சொல்லை அவர்கள் எங்கெங்கே எல்லாம் வைத்திருந்தார்கள் பாருங்கள். 1937 அக்டோபர் 1-இல் மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்தது இந்த மலையும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். கடையை மூடியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மனிதர் 1953-இல் அரைநாள் பள்ளி, மீதி அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். குடிக்காதே, ஆனா படிச்சு மேலேயும் வராதே. இதுக்குப் பேர் விமோசனம்.

பிறகு 1971, 1981 என்று கடைகள் திறந்தன. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் வேலைக்குப் பட்டதாரிகளை எடுத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. நான் வங்கியில் எழுத்தர். வரவும் செலவும் ஒரே ஏட்டில் தெரிய வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன புத்தி. 2023-24-இல் மது விற்பனை வழியாக மாநில அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். அதே ஆண்டில் போதைத் தடுப்புக்கான தேசியச் செயல்திட்டத்துக்கு இந்தியா முழுமைக்கும் மத்திய அரசு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது சுமார் 300 கோடி. ஒரு அரசின் வரவு, இன்னொரு அரசின் செலவு, ஒப்பிடக் கூடாது என்பார்கள். குடிக்கிறவன் ஒருத்தன்தானே. கடைக்கும் பள்ளிக்கும் இடையில் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. நூறு மீட்டர்! மலையில ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போக நடக்கிற தூரத்துல அது எத்தனையில ஒரு பங்கு?

உறுதிமொழி பற்றி ஒரு வார்த்தை. உறுதிமொழியே வீண் என்று நான் சொல்லவில்லை. பஞ்சசீலத்தில் ஐந்தாவது மயக்கும் பொருள் தவிர்ப்பது. 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அந்த உறுதிமொழியை யாரும் போலீஸ் வாகனத்தில் கொண்டுவந்து வாசிக்க வைக்கவில்லை. சாதியை மறுக்கிறேன், மனிதர்கள் சமம் என்று சொன்ன அதே மூச்சில் அவர்கள் அதைச் சொன்னார்கள். மறுப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கௌரவம் கிடைத்திருந்தது. 2024 அக்டோபர் 2-இல் உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கூட்டிய மது ஒழிப்பு மாநாட்டுக்கு வந்த பெண்களும் அப்படித்தான் வந்தார்கள். அவங்க விரல் நீண்டது வீட்டுக்காரன் பக்கம் மட்டுமில்ல, கோட்டைப் பக்கமும்தான்.

அப்படியானால் என்ன கேட்பது? மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன், கேட்டுக்கொண்டால் போதும்.

பயிற்சி மலையில் நடக்க வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் சமையலரும் சேர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளை எதை வாயில் அதக்கியிருக்கிறான் என்று சமையலருக்குத்தான் தெரியும். பயிற்சி நாட்களுக்கு மாற்று ஆசிரியருக்கான ஊதியம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். இந்த மலையில் படித்துப் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு இறங்கிப் போய்ச் சேகோ ஆலையில் கணக்கு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அந்த வேலைக்கு எடுக்கலாம். பிள்ளையின் வீட்டைப் பற்றி வகுப்பில் பொதுவில் கேட்கக் கூடாது என்பது நடத்தை விதியாக எழுதப்பட வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் சாதி பற்றிய பகுதியும் போதை பற்றிய பகுதியும் தனித்தனி ஏடாக இருக்கக் கூடாது. சிகிச்சைக்கு அப்பனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் மலையிறங்கி ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது மனநல மருத்துவர் மேலே வர வேண்டும். பிள்ளைக்குப் பாடம் நடத்திவிட்டு அப்பனைக் கைவிட்டால், அந்தப் பாடம் பிள்ளையைத் தன் வீட்டிலிருந்தே வெட்டிவிடுகிற பாடமாகிவிடும்.

இதற்கு வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்ம ஆயாக்களும் அம்மாக்களும் அதில் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடப்படுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கல்லூரி மாணவர்கள் ரெண்டு ரெண்டு பேராகப் போய் அவர்களோடு உட்காருங்கள். போதை எதிர்ப்பு மன்றத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எந்த ஆசிரியர் எத்தனை நாள் பயிற்சி பெற்றார். இந்த மூன்று கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பதில் வரலேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா வில்லை ஒட்டி மனு எழுதுவோம். மனு எழுத நான் வர்றேன். ஞாயித்துக்கிழமைன்னா காலையில மொத பஸ்சுக்கே ஏறிடுவேன்.